அக்காவுக்குத் தெரியும்

மயிலாப்பூர்
7 ஜூலை 2024

அன்புள்ள ஃபிசா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அம்மா, அத்தா, நான் எல்லோரும் நலம். நீயும் காஷிஃப் மச்சானும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். மஸ்கட்டில் வெயில் நாற்பத்தைந்தைத் தொட்டுவிட்டது என்று மச்சான் போன வெள்ளிக்கிழமை சொன்னார். குடை பிடித்துக்கொண்டு ஆபீஸ் போ. யார் சிரித்தாலும் பரவாயில்லை.

இவ்வளவு நீளமாக மெயில் எழுதுகிறானே என்று பயப்படாதே. வாட்ஸ்அப்பில் எழுதினால் அடுத்த நிமிஷம் கூப்பிடுவாய். கூப்பிட்டால் ஹாலில் நின்றுதான் பேச வேண்டும். நம் வீட்டு ஹாலில் பேசுவதும் மைக் வைத்துப் பேசுவதும் ஒன்று. அதனால் கடிதம்.

நான் ஒரு டாக்டரைப் பார்த்தேன். மனசுக்குப் பார்க்கிறவர். அடையாறில் கிளினிக், பெயர் ரகுபதி. என்னோடு செகண்ட் இயர் படிக்கிற சாய்சரண்தான் கூட்டிக்கொண்டு போனான். ரம்ஜானிலிருந்தே எனக்குச் சரியில்லை அக்கா. காலையில் எழுந்து பல் தேய்ப்பதே பெரிய வேலையாக இருக்கிறது. காலேஜுக்குக் கிளம்பி, நந்தனம் ஸ்டாப்பில் இறங்கி, உள்ளே போகாமல் எதிர் பஸ்ஸில் ஏறித் திரும்பியிருக்கிறேன். போன மாதம் பாண்டி பஜாரில் நம் கடையில் ஒரு பெரியவருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்ப நல்லாத் தெரியுதுப்பா" என்றார் அவர். அதற்குப் போய் எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்பக்கம் போய்ப் பெட்டிகளை அடுக்குவது போல நின்றுகொண்டேன். அத்தா கவனிக்கவில்லை.

என்ன காரணம் என்று கேட்பாய். டாக்டரும் கேட்டார். காதல் இல்லை, அரியர் இல்லை, யாரும் திட்டவில்லை. ஏதாவது ஒன்று இருந்திருந்தால் சொல்வதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். தினமும் காலையில் ஒன்று. முழுசாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகுமாம். அதற்குள், என் வயதுக்காரர்களில் சிலருக்கு முதலில் நிலைமை மோசமாகலாம் என்றார். படபடப்பு, தூக்கம் வராமை, உட்கார முடியாமல் போவது, சாவைப் பற்றிய நினைப்பு. எல்லோருக்கும் வராது, வந்தால் உடனே கூப்பிடு என்று நம்பர் கொடுத்தார். பிறகு, "வீட்ல பக்கத்துல இருந்து உன்னைப் பாத்துக்க ஒருத்தர் வேணும். யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"அக்காவுக்குத் தெரியும் சார்."

"கூடவே இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றேன். அடுத்த வாரம் அவங்களையும் அழைத்து வா என்றார்.

அதனால்தான் இப்போது உனக்குத் தெரிய வேண்டியதாயிற்று. அத்தாவுக்குத் தெரிந்தால் கடையைப் பூட்டிவிட்டு என்னை நாகூர் தர்காவுக்குக் கூட்டிப்போய்விடுவார். அம்மா தன்னால்தான் இப்படி ஆகிவிட்டது என்று அழுவார். அவர்களிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடு.

வஸ்ஸலாம்.
தம்பி ஹம்மாத்

*

ரூவி, மஸ்கட்
9 ஜூலை 2024

என் அருமைத் தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். நானும் மச்சானும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். குடை பிடித்துப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, இரண்டு பேர் எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள்.

உன் கடிதத்தை ஆபீஸில், டைல்ஸ் பில்களுக்கு நடுவில் படித்தேன். அதற்குப் பிறகு எந்தக் கணக்கும் ஓடவில்லை. ரம்ஜானிலிருந்து என்கிறாய். அப்படியானால் பெருநாளன்று புதுச் சட்டையோடு வீடியோ காலில் கையை ஆட்டிச் சிரித்தாயே, அதுவும் எங்களுக்காகச் சிரித்ததுதானா?

சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுக்கிறேன். அம்மாவிடம் நான் எதையும் மறைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். இது முதல் தடவை.

அந்த மாதிரி மாத்திரைகளைப் பற்றி நெட்டில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. இளம் பிள்ளைகளுக்கு இதைக் கொடுப்பது ஆபத்து என்று ஒரு பக்கம் சொல்கிறது. கொடுக்காமல் பயந்து விட்டுவிட்டதால் போன பிள்ளைகள் அதைவிட அதிகம் என்று இன்னொரு பக்கம். இரண்டையும் எழுதியவர்கள் படித்தவர்கள்தான். அவர்களில் ஒருவரும் உன் முகத்தைப் பார்த்ததில்லை. பார்த்தவர் அந்த டாக்டர் மட்டும்தான், அவர் சொல்கிறபடி செய். ஆனால் நான் கூடவே இருக்கிறேன் என்று ஏன் சொன்னாய் ஹம்மாத்? அடுத்த வாரம் போகும்போது உண்மையைச் சொல்லிவிடு. எனக்கு வாரம் இரண்டு கடிதம் வர வேண்டும். இது என் நிபந்தனை.

வேளைக்குச் சாப்பிடு. துஆவுடன்,
அக்கா ஃபிசா

*

மயிலாப்பூர்
20 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவரும் நலம். வாரம் இரண்டு என்று நீ கேட்டாய், நான் இரண்டு வாரத்துக்கு ஒன்று எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. வாய் காய்ந்து போகிறது. அம்மா வாயுத்தொல்லை என்று முடிவு செய்து ஓமத் தண்ணீர் போட்டுத் தருகிறார். குடித்துவிடுகிறேன். குடிக்கும்வரை அம்மா அங்கேயே நிற்கிறார்.

டாக்டரிடம் திரும்பப் போனேன். அங்கே யார் இருந்தார்கள் தெரியுமா? ஆஃப்ரீன். நம் கடைக்குப் பக்கத்தில் பேக் கடை வைத்திருக்கிற ஜாஃபர் மாமாவின் மகள், உன் நிக்காஹ்வுக்கு முதல் நாள் உனக்கு மருதாணி வைத்துவிட்டாளே, அந்தப் பெண். பன்னிரண்டாவது படிக்கிறாள். அவளுடைய அம்மாவும் கூட இருந்தார். அவர் என்னைப் பார்த்துவிட்டு முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். நான் போனைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தேன். ரிசப்ஷனில் இருந்தவர் சத்தமாக, "ஹம்மாத், அக்கா வரலையா?" என்று கேட்டார். இது பாண்டி பஜாருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? டாக்டர் உள்ளே கூப்பிடும் முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் ஆஃப்ரீன் கண்ணாடிக்கு ஸ்க்ரூ மாட்டவேண்டும் என்று கடைக்கு வந்தாள். அத்தா தொழப் போயிருந்தார். "அம்மா யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க" என்றாள். ஆறு மாதமாக அதே மாத்திரைதான் அவளுக்கும். "நான் ஸ்கூலுக்குப் போறதே அதாலதான். நீங்க பாதியில விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஸ்க்ரூ சரியாகத்தான் இருந்தது.

மச்சானுக்கு என் ஸலாம்.
ஹம்மாத்

*

மஸ்கட்
22 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். நலம். எழுந்து வந்தது தவறு, திரும்பப் போ. நான் வெளிநாட்டில் இருக்கிறேன் என்று சொன்னால் அவர் உன்னைத் திட்டப்போவதில்லை. வேண்டுமானால் அவரோடு நான் போனில் பேசுகிறேன். அவர் நம்பரை எனக்கு அனுப்பு.

ஆஃப்ரீனுக்கு ஒத்துக்கொண்டது என்று கேட்டதும் மனதுக்கு ஆறுதலாக இருந்தது. உனக்கும் அப்படி ஆகட்டும், இன்ஷா அல்லாஹ். நம்பரை அனுப்ப மறக்காதே.

அக்கா

*

மயிலாப்பூர்
31 ஜூலை 2024

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம்.

உட்கார முடியவில்லை அக்கா. ஒரு வாரமாக இப்படி. கிளாஸில் பத்து நிமிஷம் தாண்டினால் கால்கள் தாமாக எழுந்துகொள்கின்றன. வலி என்று சொல்ல முடியாது. தோலுக்கு அடியில் ஏதோ ஓடுகிறது, நடந்தால் கொஞ்சம் அடங்குகிறது. காலையில் சாந்தோம் வழியாக நொச்சிக்குப்பம் வரை போய்த் திரும்புகிறேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் மறுபடி போக வேண்டும் போலிருக்கிறது, மறுபடி போகிறேன். ரோட்டோரம் மீன் விற்கிற அம்மா ஒருவர் நேற்று, "இன்னா நைனா, மீன் வாங்கப் போறியா, இல்ல நடந்துகினே இருக்கப் போறியா?" என்றார். அவருக்குப் பதில் சொல்ல நின்றிருக்கலாம். நிற்க முடியவில்லை.

தூக்கம் இல்லை. ஃபுட்பால் ஆடுவதால் அலைகிறேன் என்று அத்தா நினைக்கிறார். ஆட்டத்துக்குப் போய் மாதக்கணக்காகிறது.

வேறு ஒன்றும் இல்லை. நீ பயப்படாதே. வேறு ஒன்றும் இல்லை.

ஹம்மாத்

*

மஸ்கட்
1 ஆகஸ்ட் 2024

ஹம்மாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். உட்கார முடியாமல் போவது, தூக்கம் வராமை என்று டாக்டர் சொன்னதை நீயே எழுதியிருக்கிறாய். வந்தால் உடனே கூப்பிடு என்றாராம். கூப்பிட்டாயா? நம்பர் கேட்டேன், அதையும் அனுப்பவில்லை.

அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அதை நீ எழுதாமல் "வேறு ஒன்றும் இல்லை" என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். அதனால் நேராகக் கேட்கிறேன், கோபப்படாதே. செத்துவிடலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா? தோன்றினால் தோன்றுகிறது என்று எழுது. நான் கத்த மாட்டேன், அழ மாட்டேன். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை எழுது.

மாத்திரையை நீயாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். முதலில் அவரைக் கூப்பிடு.

பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா

*

மயிலாப்பூர்
8 ஆகஸ்ட் 2024

அன்புள்ள என் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வ ரஹ்மத்துல்லாஹி. நீயும் மச்சானும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இன்று மனசு கொஞ்சம் அமைதியாக இருக்கிறது. அலமாரியைச் சுத்தம் செய்தேன். என் ஃபுட்பால் ஷூவைச் சித்தப்பா மகன் ஃபராஸுக்குக் கொடுத்தேன், அவனுக்கு அளவு சரியாக இருந்தது, ரொம்பச் சந்தோஷப்பட்டான். அம்மா இன்று எனக்குப் பிடிக்கும் என்று நெய்ச்சோறு ஆக்கினார். அத்தா கடையில் புதிதாகக் கண்ணாடி ஷெல்ஃப் வைக்கப்போகிறார். வீடியோ காலில் உனக்குக் காட்டச் சொல்லு.

சின்ன வயசிலிருந்து உன்னோடு எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறேன். உன் கல்லூரி ஃபீஸ் ரசீதைக் கிழித்து ராக்கெட் விட்டது ஞாபகம் வருகிறது. என் பக்கம் என்ன தப்பு இருந்தாலும் மாஃப் செய்துவிடு அக்கா. உன் பக்கம் எதுவும் இல்லை. இருந்தாலும் நான் மாஃப் செய்துவிட்டேன்.

ஹம்மாத்

*

மயிலாப்பூர்
19 ஆகஸ்ட் 2024

மகள் ஃபிசாவுக்கு அம்மா ஷாகிரா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். உன் வீட்டுக்காரரின் சிநேகிதர் நாளை மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேச முடியவில்லை. பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறான்.

அன்று நீ கூப்பிட்டபோது சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, ஹம்மாத் என்கிட்ட மாஃப் கேட்டு எழுதியிருக்கான். உடனே போங்க" என்று நீ சொன்னதும் பானையை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் எல்லோரிடமும் மாஃப் கேட்பார்கள். பத்தொன்பது வயசுப் பிள்ளை எதற்குக் கேட்க வேண்டும்? அவன் போனை எடுக்கவில்லை. சாய்சரணைக் கூப்பிட்டேன். "ஆன்ட்டி, கிளாஸுக்கு வரல, கிரவுண்டுல கீறான். சுத்திக்கினே கீறான்" என்றான். அவன் கூடவே இருப்பா என்று கெஞ்சினேன். ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாடகைகூடப் பேசாமல் ஏற்றிக்கொண்டார்.

மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். சாய்சரண் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தான். உட்காருடா என்றேன். முடியலம்மா என்றான். அவன் முகம் என் பிள்ளை முகமாகவே இல்லை. சரி என்று நானும் கூட நடந்தேன். என் முழங்கால் சங்கதி உனக்குத் தெரியும். எத்தனை சுற்று நடந்தோமோ, எனக்கு எதுவும் வலிக்கவில்லை. ஒரு இடத்தில் அவனாகவே, "எனக்கு இருக்கவே வேணாம்னு தோணுதும்மா" என்றான்.

"சரி. என் கையைப் பிடிச்சிக்கினு நட" என்றேன். பிடித்துக்கொண்டான். ஆறாவது படிக்கும்போது விட்ட கை.

அத்தா வந்ததும் மூன்று பேருமாக அடையாறு போனோம். போகிற வழியிலேயே அத்தா அவன் பையிலிருந்த மாத்திரை அட்டையைப் பிடுங்கி வெளியே வீசிவிட்டார். டாக்டர் அதற்குக் கோபித்துக்கொண்டார். இந்த வயதில் சிலருக்கு இப்படிப் படபடப்பு வரும், அதோடு கெட்ட எண்ணமும் சேர்ந்தால் ஆபத்து, அதற்காகத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று உங்கள் பையனிடம் சொன்னேன், அதே சமயம் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது என்று சொன்னார். கிளினிக்கிலிருந்து இவனுக்கு இரண்டு தடவை போன் செய்தார்களாம், எடுக்கவில்லையாம். "கூடவே இருக்கற அக்கா எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார். மஸ்கட்டில் என்றேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அந்த மருந்தை மாற்றிவிட்டார்கள். இப்போது உட்காருகிறான், தூங்குகிறான். மாத்திரை என் பொறுப்பு, பீரோவில் பூட்டி வைத்துத் தினமும் என் கையால் கொடுக்கிறேன். அத்தா யாரிடமும் சொல்லாதே என்கிறார். அவர் மட்டும் தொழுகை முடிந்து ரொம்ப நேரம் எழுந்திருப்பதில்லை.

நீ சொன்னதால்தான் என் பிள்ளை இருக்கிறான். அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மாதமாக உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே வீட்டில் நான் ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் சின்னவன், சொல்லாதே என்று கேட்டான். நீ பெரியவள், உன் புத்தி எங்கே போனது? இதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. கொஞ்ச நாளைக்கு என்னோடு பேச வேண்டாம். மனசு ஆறட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அம்மா

*

மஸ்கட்
27 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று அத்தா சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்.

என்னோடு பேச மாட்டேன் என்று சொன்னாயாம். வெள்ளிக்கிழமை போனில் உன் செருப்புச் சத்தம் கேட்டது, அறைக்குள் போய்விட்டாய். வாக்குக் கொடுத்து மீறியவள் நான்தான். அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மறுபடி அப்படி ஒரு கடிதம் வந்தால் மறுபடியும் சொல்வேன். அந்தக் கடிதம் வரும்வரை சொல்லாமல் இருந்தேனே, அதற்குத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை உன்னிடமா, அம்மாவிடமா, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

இங்கே எல்லாம் வழக்கம் போல. எனக்கு ஒரு குறையும் இல்லை.

அக்கா

*

மஸ்கட்
5 அக்டோபர் 2024

ஹம்மாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ திரும்பக் காலேஜுக்குப் போகிறாய், அத்தாதான் உன்னை அடையாறுக்கு அழைத்துப் போகிறார் என்று மச்சானிடம் அத்தா சொன்னாராம். அம்மா நன்றாக இருக்கிறாரா? போனை எடுத்ததும் அத்தாவிடம் கொடுத்துவிடுகிறார்.

இங்கே வெயில் குறைந்துவிட்டது. குடையை மூடி வைத்துவிட்டேன். வேறு எழுத ஒன்றும் தோன்றவில்லை. நீ பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

அக்கா

*

பாண்டி பஜார், கடையிலிருந்து
8 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சானும் நலமா? உன் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். பதில் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். உன் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அது அதுபாட்டுக்கு இருக்கட்டும், இன்று உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆஃப்ரீன் மௌத்தாகிவிட்டாள். அவள் போய்ப் பத்து நாள் ஆகிறது. மஞ்சள் காமாலை என்று வெளியில் சொல்லிக்கொண்டார்கள். மஞ்சள் காமாலை இல்லை அக்கா.

ஆகஸ்டில் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து ஜாஃபர் மாமா அத்தாவிடம், பையனுக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார். அம்மாவை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற அத்தா, அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பாவம், அவருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்திருக்கும். மாத்திரை பெயரைக் கேட்டதும் மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என் பொண்ணும் அதைத்தான் சாப்பிடுறா." அத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கே நிறுத்திடு ஜாஃபர். எம் பிள்ளையைக் கொல்லப் பாத்துச்சு" என்று சொல்லியிருக்கிறார்.

மாமா அன்றைக்கே நிறுத்திவிட்டார். டாக்டரைக் கேட்கவில்லை. ஏழு மாதமாக அவளுக்கு ஒத்துக்கொண்டிருந்த மாத்திரை. நவராத்திரி லீவில் அவள் கடைக்கு வந்தாள். ஸ்கூலுக்குப் போவதில்லை என்றாள். "உங்களுக்கு ஒத்துக்கல, எனக்கு ஒத்துக்கிச்சு. இது ஏன் யாருக்கும் புரியல?" என்று கேட்டாள். அன்றே அத்தாவிடம் சொன்னேன். அத்தா நேராக ரகுபதி டாக்டரிடம் போய்க் கேட்டார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி, அந்தப் பெண்ணை உடனே அழைத்து வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அவரே மாமாவைப் போனிலும் கூப்பிட்டார். அத்தா மாமாவிடம் போய்க் கெஞ்சினார், எனக்கு முன்னால்தான். மாமா, "நீதானே நிறுத்தச் சொன்னே? இப்ப நீயே குடுக்கச் சொல்றே. எதைக் கேக்கறது?" என்றார். அத்தா அதற்குப் பிறகு மூன்று தடவை போனார். கடைசித் தடவை மாமா கடையில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். அவளுடைய அம்மா மட்டும் அழைத்துப் போகலாம் என்றிருந்தார். அதற்குள் முடிந்துவிட்டது.

ஜனாஸாவை அத்தாவும் தூக்கினார். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஜாஃபர் மாமா அத்தாவைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் அத்தாவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மாத்திரையை நிறுத்தியதுதான் காரணம் என்றோ, இன்னார்தான் காரணம் என்றோ யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்கிறார். நான் அதை அத்தாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார், கேட்ட மாதிரி தெரியவில்லை.

என்னைப் பற்றிக் கேட்பாய். புது மாத்திரை ஒத்துக்கொண்டது. நல்ல நாளும் இருக்கிறது, கெட்ட நாளும் இருக்கிறது. ஆஃப்ரீன் போன அன்று பழைய நினைப்பு வந்தது. வந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழாமல் அருகில் உட்கார்ந்துகொண்டு டாக்டருக்குப் போன் போட்டார். மைதானத்தில் நான் என்ன நினைத்துக்கொண்டு சுற்றினேன் என்று உனக்கு ஒருநாள் எழுதுகிறேன், இன்று வேண்டாம். நீ ஆமாமா இல்லையா என்று கேட்டாயே. ஆமாம்தான். அதை எழுதி அழித்து எழுதி அழித்து, கடைசியில் ஷூவைப் பற்றி எழுதினேன்.

அம்மா உன்னோடு பேசாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அக்காவுக்குத் தெரிந்திருந்ததால்தான் நான் எழுதினேன், எழுதியதால்தான் நீங்க ஓடி வந்தீங்க என்று நேற்று அவரிடம் சொன்னேன். இந்த வெள்ளிக்கிழமை நீயே கூப்பிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்லு. அத்தாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் எழுது.

அத்தா சரியாகச் சாப்பிடுவதில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அடுத்த தடவை உங்க அத்தாவையும் நான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. அதுவரை அவரைத் தனியாக விட வேண்டாம் என்று அம்மாவும் நானும் மாறி மாறிக் கடைக்கு வருகிறோம். இன்று என் முறை. மழை விடாமல் பெய்கிறது, வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர் என்கிறார்கள். காலையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்கூட வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தா நிமிர்ந்து பார்த்து, "யாருக்கு எழுதுறே?" என்றார்.

"அக்காவுக்கு."

"என்னன்னு?"

"நடந்த எல்லாத்தையும்தான் அத்தா."

வெகு நேரம் ரோட்டில் ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "எழுது" என்றார்.

வஸ்ஸலாம்.
ஹம்மாத்